விஷ்ராந்த்வாடியில் மூன்று புள்ளி

பைதான் நிரல்மொழியின் ஆவணங்கள் எழுதப்படும் குறிமொழிக்கு ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் என்று பெயர். அதில் தலைப்பின் எழுத்தைப் பெரிதாக்க வேண்டியதில்லை. தலைப்பைத் தட்டிவிட்டு, அடுத்த வரியில் சமக்குறிகளை வரிசையாகப் போட்டால் போதும். ஒரே நிபந்தனை, அந்தக் கோடு தலைப்பைவிடக் குட்டையாக இருக்கக் கூடாது. கை பழகுவதற்காக ஒரு சிறு ஆவணம் எழுதினேன். குடியிருக்கும் பேட்டையின் பெயரையே தலைப்பாக வைத்தேன்: விஷ்ராந்த்வாடி. விரல்விட்டு எண்ணினால் ஏழு எழுத்து. ஏழு சமக்குறி போட்டேன். அடிக்கோட்டின் நீளம் போதவில்லை என்று எச்சரிக்கை வந்தது.

பைதானிடமே இந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டேன். 14 என்றது. சரி என்று 14 குறி போட்டேன், எச்சரிக்கை போய்விட்டது. ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தால் 11 வரை சும்மா இருக்கிறது, 10 ஆனதும் மறுபடி முணுமுணுக்கிறது. ஒரே ஊருக்கு ஏழு, பதினான்கு, பதினொன்று என்று மூன்று கணக்கு. இதைத் துருவப் போய்த்தான் ஊர்ப்பெயருக்குள்ளேயே இறங்க நேர்ந்தது.

விஷ்ராந்த்வாடி புனேயின் வடகிழக்கில், ஆளந்தி சாலையில் இருக்கிறது. ஆளந்தி, 1296-இல் மகான் ஞானேசுவரர் சமாதி அடைந்த ஊர். ஆண்டுதோறும் அங்கிருந்து அவருடைய பாதுகைகளைச் சுமந்து பண்டரிபுரம் போகும் பல்லக்கு திகி, விஷ்ராந்த்வாடி வழியாகத்தான் புனேக்குள் நுழைகிறது. வழியில் பல்லக்கு சற்றே இளைப்பாறும் இடங்களை, அதனோடு நடந்து போகும் வார்கரிகள் ‘விசாவா’ என்பார்கள். கிராமம் மராட்டியர் வாயில் ‘காவ்’ ஆனது போல, விச்ராமம் தேய்ந்து விசாவா ஆயிற்று. விஷ்ராந்த் என்பதோ தேயாத வடசொல். இளைப்பாறிய என்று பொருள். பல்லக்கு இளைப்பாறியதால்தான் இந்தப் பெயர் என்று முடிச்சுப் போடுவது சுலபம். ஊர்ப்பெயர்க் கதைகளில் பாதி, பெயர் வந்த பிறகு பிறந்தவை. நான் சொல்லோடு நின்றுகொள்கிறேன்.

வாடி நமக்கு அந்நியமில்லை. வேலி கட்டி அடைத்த இடம் என்பது அதன் பழைய பொருள். விறகுவாடி, மரவாடி என்று தமிழ்நாட்டில் வழங்குகிறது. ஈழத்தில் மீனவர் கடற்கரையில் தங்கும் குடிசை வாடி. அங்கன்வாடி 1975-க்குப் பிறகு அரசுத் திட்டத்தோடு வந்து சேர்ந்தது. இருந்தாலும் ஊரிலிருந்து வந்த என் அத்தை, பஸ்ஸில் நடத்துநர் கூவியதைக் கேட்டு, “யாரைடா வாடி போடின்னு கூப்பிடறான்?” என்றுதான் கேட்டாள்.

முன்பாதிதான் சுவையானது. ‘ச்ரம்’ என்ற வேருக்கு உழைத்துக் களைப்பது என்று பொருள். நாம் அன்றாடம் சொல்லும் சிரமம் அதுதான். முனிவர் தவத்தில் உழன்ற இடம் ஆசிரமம். தவத்தால் உடலை வருத்தியவர் சிரமணர். அது தமிழில் சமணர் என்றும் அமணர் என்றும் ஆயிற்று. இந்த வேருக்கு முன்னால் ‘வி’ சேர்த்தால் சிரமம் நீங்குகிறது. சில தமிழ் வீடுகளில் இன்றும் “விச்ராந்தியா உக்காந்து சாப்பிடு” என்பார்கள்.

மராட்டியில் நிறுத்தக்குறிகளுக்கு விராமசின்னங்கள் என்று பெயர். முற்றுப்புள்ளி பூர்ணவிராம், காற்புள்ளி ஸ்வல்பவிராம், அரைப்புள்ளி அர்த்தவிராம், முக்காற்புள்ளி அபூர்ணவிராம். ஓசையை நம்பி விராமத்தையும் விச்ராந்தியையும் ஒரு வேரில் கட்டிவிடக் கூடாது. விராமத்தின் வேர் ‘ரம்’. அமைதல், இன்புறுதல் என்று அதற்கு இரு பொருளும் உண்டு. ராமனும் ரமணனும் அந்த வேரில் கிளைத்தவர்கள். வேர் இரண்டானாலும் வந்து சேர்ந்த இடம் ஒன்று: ஓய்வு.

கிரேக்கர் கமா, கோலன் என்று பெயரிட்டது குறியை அல்ல, குறியால் வெட்டுண்ட வாக்கியத் துண்டை. கொம்மா என்றால் வெட்டுத்துண்டு, கோலோன் என்றால் உறுப்பு. மராட்டியர் குறி செய்யும் வேலைக்குப் பெயர் வைத்தார்கள். தமிழன் கண்ணுக்குத் தெரியும் புள்ளியைச் சொன்னான். ஆனால் கால், அரை, முக்கால், முற்று என்று அளவையும் சேர்த்துச் சொன்னான். எதில் கால், எதில் அரை என்று யோசித்தால், அந்த அளவு நிறுத்தத்தின் அளவு. ஆக ஓய்வு நம் பெயரிலும் இருக்கிறது, கொஞ்சம் ஒளிந்துகொண்டு.

புள்ளிக்குத் தமிழில் வேறு, மூத்த வேலை ஒன்று உண்டு. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. குறில் எகர ஒகரங்களுக்கும் அதுவே அடையாளம். ஓலையில் எழுதியவர்களோ புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். எழுத்தாணி அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும். எது மெய், எது உயிர்மெய், எது குறில் என்று படிப்பவரே ஊகிக்க வேண்டியிருந்தது. இதுதான் நம் மிகப் பழைய வடிவமைப்புப் பிழை என்பேன். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து எகர ஒகரக் குழப்பத்தைத் தீர்த்தார். மெய்க்குப் புள்ளி தவறாமல் விழுந்தது அச்சு வந்த பிறகு.

அதே புள்ளியை மராட்டி எழுத்தில் போட்டால், எழுத்தின் ‘காலை ஒடித்தல்’ என்பார்கள். குறி அடியில் சாய்ந்து விழுவதால். வடமொழி இலக்கணமும் யூனிகோடும் வைத்த பெயர் இன்னும் மென்மை: விராமா. யூனிகோடு அட்டவணையில் நம் புள்ளியின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘தமிழ் சைன் விராமா’. ஆய்தத்துக்கு அங்கே ‘விசர்கா’ என்று பெயர். தமிழறிந்தவருக்கு இரண்டும் உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ஒருமுறை வைத்த எழுத்துப்பெயரை யூனிகோடு மாற்றுவதில்லை. 1996-இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல் அப்படித்தான். அடைப்புக்குறி ஒன்றின் ஆங்கிலப் பெயரில் ‘சி’யும் ‘கே’யும் இடம் மாறி அச்சேறிவிட்டன, அந்தப் பிழைகூட அப்படியே கிடக்கிறது, பக்கத்தில் திருத்தப்பெயர் ஒன்றைத் துணைக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆவணங்களில் அந்த விறைப்பு இல்லை, யாரும் திருத்தலாம். பைதான் ஆவணங்கள் 2007-இல் லாடெக் என்ற வேறொரு குறிமொழியிலிருந்து ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டுக்கு மாறின. அதைச் செய்த கியோர்க் பிராண்டிலின் கருவிதான் அடுத்த ஆண்டு ஸ்பிங்க்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. அங்கே நிகழும் பிழைகள் அற்பமானவை. மார்க்டவுன் என்ற இன்னொரு குறிமொழி பழகியவர் நிரல்சொல்லைச் சுற்றி ஒற்றை பேக்டிக் போடுவார். இங்கே இரட்டை வேண்டும். இரட்டை முக்காற்புள்ளி போட்டு, அடுத்த வரியில் உடனே நிரலைத் தள்ளி எழுதுவார். இடையில் ஒரு வெற்று வரி விடாவிட்டால் கருவி அதை வரையறைப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும். பெர்ல் நிரல்மொழியின் பாட் குறிமொழியிலும், சமக்குறியில் தொடங்கும் கட்டளைக்கு முன்னும் பின்னும் வெற்று வரி விடச் சொல்வார்கள். நான் திருத்தியவற்றில் பல இந்த இனம்தான்: எழுத்து ஒன்றையும் மாற்றவில்லை, ஒரு வரியைக் காலியாக விட்டேன். மராட்டியர் முக்காற்புள்ளியை அபூர்ணவிராம், முடியாத ஓய்வு என்றது இந்த இடத்துக்கென்றே சொன்னது போலிருக்கிறது.

இப்போது அந்தக் கணக்கு. யூனிகோடு உயிர்மெய்யைப் பிரித்துத்தான் வைக்கிறது: வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ஷகரம் ஒன்று, அதன் புள்ளி ஒன்று. இப்படிப் பிரித்தால் ஏழு எழுத்து 14 ஆகிறது. தலைப்பின் அகலத்தை அளக்கும் நிரலோ, மேலே ஒட்டிக்கொண்டு இடம் பிடிக்காத குறிகளைக் கழித்துவிடுகிறது. காலையும் இகரக் குறியையும் அது கழிப்பதில்லை, விராமாவை மட்டும் கழிக்கிறது. ஷ், ந், த் என்று மூன்று புள்ளி. பதினான்கில் மூன்று போனால் 11.

சந்தேகம் தீர, தேவநாகரியிலும் எழுதிப் பார்த்தேன். அங்கே நகர மெய் அனுஸ்வாரமாகிவிடுகிறது, தகரத்தின் அகரம் எழுத்தில் நின்று பேச்சில் மறைகிறது. ஆகவே 12 குறிகள். ‘ச்ர’ என்ற கூட்டெழுத்துக்குள் ஒளிந்திருக்கும் விராமா ஒன்றே ஒன்று. அதைக் கழித்தால் அங்கும் 11. இரண்டு தலைப்புக்கும் ஒரே நீளக் கோடு போட்டேன். எச்சரிக்கை எதுவும் வரவில்லை.