'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்!' - முதியவர்கள் சொல்லும் இந்த வார்த்தையை ஏன் கவனிக்க வேண்டும்?

"பி.பி. மாத்திரையா? அதை விட்டு ரெண்டு மாசமாச்சு. நல்லாத்தானே இருக்கேன்!"

பெரியவர்கள் இருக்கும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. தன் உடல்நிலை பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார், டாக்டரை எவ்வளவு நம்புகிறார் என்ற இரண்டுக்கும் அவரது ஆரோக்கியத்தோடு தொடர்பு உண்டு. எப்படி?

ஒரே ஒரு கேள்வி

"உங்க உடம்பு எப்படி இருக்கு?" மிக நன்று முதல் மோசம் வரை பதில் சொல்லலாம். இதுவே உடல்நல சுயமதிப்பீடு. 1997ல் எலன் ஐட்லர், யேல் பென்யாமினி இருவரும் 27 ஆய்வுகளை அலசினர். 'மோசம்' என்றவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதலாக இருப்பது பெரும்பாலான ஆய்வுகளில் தெரிந்தது. வயது, நோய்களைக் கணக்கில் எடுத்த பிறகும் இதே நிலைதான்.

எனவே, "உடம்பு என்னமோ சரியில்ல" என்று சொன்னால் அலட்சியம் கூடாது. அதேநேரம், "நல்லா இருக்கேன்" என்பதை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்தவும் கூடாது. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. பக்கவாதம், மாரடைப்பு வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

நம்பிக்கை குறைந்தால்?

நிமிர்ந்துகூட பார்க்காமல் சீட்டு எழுதும் டாக்டரிடம் முதியவர்கள் மனம்விட்டுப் பேசுவதில்லை. தூக்கமின்மை, சிறுநீர்ப் பிரச்னை, தடுமாறி விழுந்தது எல்லாம் மறைக்கப்படுகின்றன. மாத்திரை பாதியில் நிற்கிறது, நோய் முற்றுகிறது. "ஆஸ்பத்திரி போயும் பிரயோஜனம் இல்ல" என்ற எண்ணம் மேலும் வலுக்கிறது.

வீடு தேடி வந்தால்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு செல்கின்றனர். தெரிந்த முகம் வாசலில் வந்து விசாரிக்கும்போது, கேட்கத் தயங்கிய சந்தேகத்தையும் கேட்டுவிட முடிகிறது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியது

* டாக்டரிடம் பெரியவரையே பேச விடுங்கள். நீங்கள் முந்த வேண்டாம்.
* மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று திட்டாமல் கேளுங்கள். காரணம் தலைசுற்றலாகவோ செலவாகவோ இருக்கலாம்.
* சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.
* முடிந்தவரை ஒரே டாக்டரிடம் தொடருங்கள்.

முதியோருக்கான தேசிய உதவி எண்: 14567. அவசரத்துக்கு 108.