ஹீட் பம்ப்பா, கேஸ் ஃபர்னஸா? கனடா குளிருக்கு எது தாங்கும், எதில் பில் குறையும்? முழு விவரம்

கனடாவில் நவம்பர் பிறந்துவிட்டால் ஏப்ரல் வரை வீட்டில் ஹீட்டிங் ஓடியே ஆக வேண்டும். ஒன்டாரியோ மாகாணத்தில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது இன்றும் இயற்கை எரிவாயுதான். ஆனால், பழைய ஃபர்னஸை மாற்றும் நேரம் வந்ததும் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இப்போது ஒரு குழப்பம். மறுபடியும் ஃபர்னஸா, இல்லை ஹீட் பம்ப்பா? செலவு பல ஆயிரம் டாலர். ஒருமுறை போட்டால் சுமார் 15 வருஷம் அதோடுதான் குடித்தனம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஃபர்னஸ் எரிவாயுவை எரித்து, அந்தச் சூட்டைக் காற்றில் ஏற்றி, டக்ட் வழியாக அறைகளுக்கு அனுப்புகிறது. கனடாவில் இப்போது விற்கப்படும் புது ஃபர்னஸ்களின் திறன் 95 சதவீதம் அல்லது அதற்கு மேல். அதாவது, 100 டாலருக்கு எரித்தால் 95 டாலருக்கான சூடு வீட்டுக்குள் வரும்.

ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. அது திருப்பி ஓடும் ஏசி, அவ்வளவுதான். வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி உள்ளே கொண்டு வருகிறது. கோடையில் அதே மெஷின் ஏசியாக வேலை செய்யும்.

மைனஸ் 15 டிகிரியில் வெப்பம் எங்கே இருக்கும்?

இருக்கும். உள்ளே ஓடும் குளிரூட்டித் திரவம் வெளிக்காற்றைவிடக் குளிராக இருப்பதால், அந்தக் காற்றிலிருந்தும் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மிதமான குளிரில் 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். குளிர் ஏற ஏற இது 2-க்குப் பக்கத்தில் இறங்கும். கடுங்குளிருக்கென்றே தயாரிக்கப்படும் மாடல்கள் மைனஸ் 25 வரை ஓடும். 'குளிர் நாட்டுக்கு இது சரிப்படாது' என்பது பழைய பேச்சு. நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் இருக்கிறது.

பில் கணக்கு: இந்த ஒரு சூத்திரம் போதும்

1 கன மீட்டர் எரிவாயு, நல்ல ஃபர்னஸில் சுமார் 10 யூனிட் வெப்பம் தரும். அதே 10 யூனிட்டைத் தர ஹீட் பம்ப்புக்குச் சராசரியாக 4 யூனிட் மின்சாரம் தேவை. கடுங்குளிர் நாட்களில் 5 ஆகும்.

எனவே, டெலிவரி கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 4 யூனிட் மின்சாரத்தின் விலையையும் 1 கன மீட்டர் எரிவாயுவின் விலையையும் ஒப்பிடுங்கள். எது குறைவோ அதுதான் உங்களுக்கு லாபம். உதாரணத்துக்கு, எரிவாயு 40 சென்ட், மின்சாரம் 12 சென்ட் என்றால் 4 யூனிட்டுக்கு 48 சென்ட். அங்கே ஃபர்னஸ் ஜெயிக்கிறது. மின்சாரம் 8 சென்ட் என்றால் வெறும் 32 சென்ட். ஹீட் பம்ப் ஜெயிக்கிறது.

ஒன்டாரியோவில் இரவு 11 முதல் காலை 7 வரை மிகக் குறைந்த கட்டணம் வாங்கும் திட்டம் ஒன்று உள்ளது. ஆனால், அதில் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை கட்டணம் எகிறும். இன்னொரு விஷயம்: வீட்டு எரிவாயு மீதான கார்பன் கட்டணம் 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் போட்ட கணக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

யாருக்கு எது பொருந்தும்?

* மின்சார பேஸ்போர்டு ஹீட்டர் உள்ள வீடு: ஹீட் பம்ப் போடலாம். ஹீட்டிங் செலவு பாதி அளவுக்குக் குறைய வாய்ப்புண்டு.
* ஏசியும் பழசு, ஃபர்னஸும் பழசு: இரண்டு மெஷின் விலைக்கு எதிராக ஒரு ஹீட் பம்ப் விலையை வைத்துப் பாருங்கள்.
* ஃபர்னஸ் நன்றாக ஓடுகிறது, ஏசி மட்டும் போச்சு: ஏசி இடத்தில் ஹீட் பம்ப் வைத்து, கடுங்குளிருக்கு மட்டும் ஃபர்னஸை ஓட்டும் 'ஹைபிரிட்' முறை நல்ல வழி.
* எரிவாயு மலிவு, வீட்டில் 100 ஆம்ப் மின் பேனல்தான்: ஃபர்னஸே சிக்கனமாக இருக்கலாம். பேனலை மாற்றுவது தனிச் செலவு.

கரண்ட் போனால்?

'கேஸ் என்றால் கரண்ட் போனாலும் ஓடும்' என்று பலர் நினைக்கிறார்கள். ஓடாது. ஃபர்னஸின் ஃபேனுக்கும் மின்சாரம் வேண்டும். அதேபோல, ஃபர்னஸ் உள்ள வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பார்ப்பது உயிர் காக்கும் விஷயம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கையெழுத்துப் போடும் முன்...

அழைக்காமல் வீடு தேடி வந்து ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஹீட்டர் விற்பது ஒன்டாரியோவில் 2018 மார்ச் முதலே தடை. நீங்களே வரவழைத்து வீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். 'மாசம் இவ்வளவுதான்' என்ற வாடகைத் திட்டத்தில், மொத்தம் எத்தனை வருஷத்துக்கு எவ்வளவு கட்டுகிறோம் என்று பெருக்கிப் பாருங்கள்.

அரசு மானியம் உண்டு என்று யாராவது சொன்னால், அரசு இணையதளத்தில் அது இப்போதும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2021-ல் தொடங்கிய மத்திய அரசின் 5,000 டாலர் வரையிலான வீட்டு மானியம், 2024 தொடக்கத்திலேயே புது விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டுவிட்டது.

குறைந்தது 3 பேரிடம் விலை கேளுங்கள். வீட்டின் வெப்பத் தேவையை அளந்து கணக்குப் போட்டுத் தருபவரையே தேர்ந்தெடுங்கள். வாசலில் நின்றபடியே சைஸ் சொல்பவரிடம் வேண்டாம். ஜன்னல் இடுக்கையும் மேல்மாடக் காப்பையும் முதலில் சரி செய்தால், எந்த மெஷினாக இருந்தாலும் சின்னதே போதும்.