ஸ்லோவில் நிற்காத புல்லட்

மூணு மாசம் தொழுவத்தில் சும்மா கிடந்த அப்பாவோட பழைய புல்லட்டை எழுமலை சந்தைக்குப் போக உதைச்சேன். சோக்கு போட்டா ஓடுது, எடுத்தா நின்னுருது.

ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டதால் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்தன. அப்படித்தான் திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு தொடங்கியது. தாய்க் கம்பெனி 1970இல் மூடியும் நம்ம ஆலை நிற்கலை. காரணம், இதைப் பட்டறைக்காரரும் விவசாயியும் தாங்களே பிரித்துச் சரிசெய்ய முடிந்ததுதான்னு நினைக்கிறேன்.

ஸ்லோவில் பெட்ரோல் விடுவது கார்புரேட்டரின் பைலட் ஜெட். பெட்ரோல் காய்ந்து பிசினானால் அந்த ஊசித்துளை அடைபடும். கழற்றிப் பெட்ரோலில் கழுவி, சைக்கிள் பம்பால் காற்றடிச்சேன். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக மூடி, ஒன்றரைச் சுற்று திறந்தேன். எஞ்சின் சூடானதும் ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகினேன். டுப் டுப்னு நின்னு ஓடுச்சு.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபின் புது பைக்குகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. புகை குறைஞ்சது நல்லதுதான். ஆனா கோளாறு பார்க்க ஸ்கேனர் வேணும்; வீட்டு ஸ்க்ரூடிரைவர் போதாது.

அப்பா காட்டின அந்த ஒன்றரைச் சுற்றை மகளுக்கும் காட்டியிருக்கேன். உங்க வீட்டிலும் பழைய வண்டி கிடந்தா, இரும்புக்கடைக்குப் போடுமுன் ஜெட்டைக் கழற்றிப் பாருங்க.