கோடாகிப் போன கார்

மாற்றலாகி பெங்களூரு வந்து எட்டு வருஷமாகிறது. நாற்பத்தெட்டு வயசில் எனக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஓடுகிற காரைப் படம் எடுப்பது! ஞாயிறு காலையில் கேமராவும் கையுமாக ரோட்டோரம் நிற்கிறேன். வருவதெல்லாம் பாதி பம்பரும் வெறும் தார் ரோடும்தான். "அப்பா, இது காரா, பேயா?" என்கிறாள் மகள். :-)

பி.காம். படித்தவன் ஆயிற்றே, கணக்குப் போட்டேன். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 33 மீட்டர் தாண்டுகிறது. ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தால் அதற்குள் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். படம் இழுபட்டுப் போகும். 1/1000 வைத்தால் மூன்று சென்டிமீட்டர்தான். படம் தெளிவாக வரும், ஆனால் பறக்கிற கார் பார்க்கிங்கில் நிற்கிற மாதிரி இருக்கும். இதற்கு வழி பேனிங். ஷட்டரை மெதுவாக வைத்துக்கொண்டு காரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்ப வேண்டும். கார் தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் வரும்.

இந்தத் தலைவலி கார் பந்தயம் தொடங்கிய காலத்திலிருந்தே உண்டு. 1894-ல் பிறந்த பிரெஞ்சுக்காரர் ழாக் ஆன்ரி லார்த்திக், இளைஞராக இருந்தபோது பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயில் ஒரு படம் எடுத்தார். காரின் முன்பகுதி வெட்டுப்பட்டுவிட்டது. சக்கரம் முட்டை மாதிரி முன்னால் சாய்ந்திருக்கும், வேடிக்கை பார்ப்பவர்கள் பின்னால் சாய்ந்திருப்பார்கள். அந்தக் கேமராவின் ஷட்டர் ஒரு நகரும் பிளவு. சக்கரத்தின் அடி முதலிலும் தலை பிறகும் பதிவானதால் தலை முன்னே போய்விட்டது. அவர் கேமராவைத் திருப்பியதால் நின்றவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். சொதப்பல் என்று அவர் ஒதுக்கி வைத்த படம் பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. 1912 என்று சொல்லப்பட்டு வந்த ஆண்டை ஆய்வாளர்கள் பிறகு 1913 என்று திருத்தினார்கள்.

பிரான்ஸை விடுங்கள், எங்கள் ஊர்ப்பக்கமே பந்தயம் நடந்தது. நான் செங்குன்றத்துக்காரன். பக்கத்தில் சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அங்கே சும்மா கிடந்தது. போருக்குப் பின் சென்னைக்காரர்கள் அதில் கார், பைக் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. பிறகு வருஷா வருஷம் திருவிழாக் கூட்டம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் வந்தபின் சோழவரம் ஓய்ந்தது.

அப்பா ரைஸ் மில்லில் கணக்கு எழுதினார். 1986-ல் என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ரேஸுக்குக் கூட்டிப் போனார். நண்பரிடம் இரவல் வாங்கிய கிளிக் த்ரீ கேமரா கழுத்தில் தொங்கியது. ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஷட்டர் வேகம் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கழுவி வந்தபோது பதினொன்றில் புழுதிதான். "காசு போச்சேடா" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் அப்பா காலமான பிறகு வீட்டை ஒழித்தபோது பன்னிரண்டாவது படம் கிடைத்தது. பின்னால் கார் வெறும் வெள்ளைக் கோடு. முன்னால் ஒன்பது வயசுப் பையன், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறான். சட்டைப் பொத்தான் வரைக்கும் தெளிவு.

சோழவரத்தில் எடுத்த படம் என்று எங்கள் வீட்டில் இருப்பது இது ஒன்றுதான். எந்தக் கார், யார் ஓட்டினார் என்று சொல்ல வழியில்லை. இத்தனை நாள் இதையும் சொதப்பல் என்றே நினைத்திருந்தேன். பேனிங் பழக ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. அப்பாவுக்கு அந்த வித்தை தெரிந்திருந்தால் கார் அழகாக விழுந்திருக்கும், நான் கோடாகியிருப்பேன்.

அடுத்த ஞாயிறும் ரோட்டோரம் நிற்பேன். ஆனால் முதல் படம், பக்கத்தில் நின்று கேலி செய்யும் மகளைத்தான்.