மின்தடைக்கால வீட்டுச் சூடேற்றம்

குளிர்நாடுகளில் மின்சாரம் நின்றபின்னும் வீட்டைச் சூடாக வைத்திருக்கும் மாற்று மின் ஏற்பாடு. எரிவாயு உலை உள்ள வீடுகளுக்கும் இது தேவை. ஏனெனில் உலையின் சூடான காற்றைத் தள்ளும் விசிறி மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அதற்குச் சில நூறு வாட் போதும் என்பதால் இன்வெர்ட்டரும் பேட்டரியும் சில மணி நேரம் தாங்கும். முழுக்க மின்சாரத்தாலேயே சூடேறும் வீட்டுக்குப் பல கிலோவாட் வேண்டும். அங்கே பெரும்பாலும் ஜெனரேட்டர்தான் வழி. 1998 ஜனவரியில் உறைமழையின் பனிக்கட்டிச் சுமையால் கனடாவின் கியூபெக்கில் மின்கோபுரங்கள் சரிந்தபோது, மின்சூடேற்றத்தையே நம்பியிருந்த குடும்பங்கள் கடுங்குளிரில் தவித்தன. சில ஊர்களில் மின்சாரம் திரும்ப ஒரு மாதமானது. விறகடுப்பு இருந்த வீடுகள் ஓரளவு தப்பின.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கார் கொட்டகையிலோ ஒருபோதும் இயக்கக் கூடாது. அதன் புகையிலுள்ள மணமற்ற கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். வெளி மின்தடத்தைத் துண்டிக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு மின்கம்பிகளோடு இணைத்தால், பின்னோக்கிப் பாயும் மின்சாரம் கம்பியைச் சீர்செய்யும் ஊழியரைத் தாக்கும்.