பாசியும் எரியெண்ணெயும்



குளத்துப் படிக்கட்டில் காலை வழுக்கிவிடும் பச்சைப் பாசியை நீங்கள் அறிவீர்கள். பாசி இனத்துள் வெறுங்கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் பல உள்ளன. அவை சூரிய ஒளியையும் நீரையும் கரியமில வாயுவையும் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. அவற்றுட் சில, அவ்வுணவில் ஒரு பகுதியை எண்ணெயாக மாற்றி உடலுள் சேமித்து வைக்கின்றன. அந்த எண்ணெயைப் பிரித்தெடுத்து, மெதனாலுடன் சேர்த்துப் பக்குவப்படுத்தினால், டீசல் இயந்திரத்தை இயக்கவல்ல எரிபொருள் கிடைக்கும்.

இம்முயற்சியின் வரலாறு சுவையானது. 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், ஒரு கட்டடத்தின் கூரைமீது குளோரெல்லா என்னும் பாசியை வளர்த்தார்கள். ஆனால் அன்று அவர்கள் முதன்மையாக நாடியது உணவையே. எரிபொருளின்பால் அரசாங்கத்தின் கவனத்தைத் திருப்பியது 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி. அரபு நாடுகள் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று.

அதன் விளைவாக 1978-இல் அமெரிக்க எரிசக்தித் துறை 'நீர்வாழ் இனங்கள் திட்டம்' ஒன்றைத் தொடங்கிற்று. கொலராடோ மாநிலத்துக் கோல்டன் நகரிலிருந்த சூரிய ஆற்றல் ஆராய்ச்சி நிலையம் அதனை நடத்தியது. விஞ்ஞானிகள் பல நீர்நிலைகளிலிருந்து 3,000-க்கு மேற்பட்ட பாசி வகைகளைத் திரட்டினர். அவற்றுள் ஏறத்தாழ 300 வகைகளைச் சிறந்தனவாகத் தேர்ந்தெடுத்தனர்.

அவர்கள் எதிர்கொண்ட இடர்கள் யாவை? முதலாவது, பாசிக்கு நைட்ரஜன் சத்தைக் குறைத்தால் அதன் உடலில் எண்ணெயின் விகிதம் பெருகுகிறது. ஆனால் வளர்ச்சி தளர்கிறது. ஆகவே மொத்தத்தில் கிடைக்கும் எண்ணெய் கூடுவதில்லை. இரண்டாவது, இயற்கையின் போக்கு. நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல் நகரில் 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள குளங்கள் அமைத்தனர். சில நாட்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் பாசி விளைந்தது. எனினும் பாலைநிலத்தின் குளிர் அவ்விளைச்சலை நிலைக்கவிடவில்லை. மூன்றாவது, விலை. எதிர்கால முன்னேற்றங்களையெல்லாம் தாராளமாக எண்ணிக் கணக்கிட்டபோதும், பாசி டீசலின் விலை பெட்ரோலிய டீசலைப்போல் இரு மடங்காகவே இருந்தது.

இதற்கிடையே 1986-இல் கச்சா எண்ணெயின் விலை சரிந்தது. சுமார் இரண்டரைக் கோடி டாலர் செலவான பின்னர், 1996-இல் திட்டம் மூடப்பட்டது. பாசி வகைகள் ஹவாய்ப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டன. உயிருள்ள பாசியை இடையறாது புதிய நீரும் சத்தும் இட்டுப் பேண வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பண உதவி நின்றது. 2010-இல் எரிசக்தித் துறை கணக்கெடுத்தபோது, விரிவாக ஆராயப்பட்ட வகைகளுள் பாதிக்கு மேற்பட்டவை அழிந்துபோயிருந்தன!

அதற்குள் விலை மீண்டும் ஏறிவிட்டது. 2008-இல் ஒரு பீப்பாய் எண்ணெய் 140 டாலரையும் கடந்தது. மறு ஆண்டே எக்ஸான் மொபில் நிறுவனம் பாசி ஆராய்ச்சிக்கு 60 கோடி டாலர் வரை செலவிட முன்வந்தது. 2011 நவம்பர் 7-ஆம் நாள், பாசியிலிருந்து பெற்ற எரிபொருள் கலந்து, ஹூஸ்டனிலிருந்து சிகாகோவுக்குப் பயணிகள் விமானம் ஒன்று பறந்தது. ஆயினும் பின்னர் எக்ஸான் அம்முயற்சியிலிருந்து விலகிக்கொண்டது.

நெடுங்காலம் வரலாறு கற்பித்த எனக்கு இதில் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது. தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுவது பேதைமை என்பர். இங்கோ, தாகம் எடுத்தபோது வெட்டி, தணிந்தவுடன் தூர்த்துவிட்டார்கள். பாசி எண்ணெய் நாளை மலிவாகுமா, ஆகாதா என்பதை ஆராய்ச்சியே முடிவு செய்யட்டும். ஆனால் அரிதிற் சேர்த்த அறிவைச் சந்தை விலை தாழும்போதெல்லாம் கைவிடும் நாடு, ஒவ்வொரு நெருக்கடியிலும் முதற்படியிலிருந்தே ஏற வேண்டியிருக்கும். நாளை ஆய்வுக்கூடங்களிலும் ஆட்சிமன்றங்களிலும் அமரவிருக்கும் நீங்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவீர்களாக.