ஏட்டில் உறங்கிய இசை

ஏடு தேடிய வரலாறு தமிழராகிய நமக்குப் புதியதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் செல்லரித்த சுவடிகளைத் தேடி அலைந்திராவிடில், பழந்தமிழ் நூல்களிற் பல இன்று நம் கைக்கு எட்டியிரா. நூலுக்கு நேரும் இக்கதி இசைக்கும் நேர்வதுண்டு. இத்தாலியிலும் பிற ஐரோப்பிய நாடுகளிலும் மறக்கப்பட்டுக் கிடந்த சில இசைப்படைப்புகள், ஏட்டிலிருந்து எழுந்து இசைத்தட்டின் வழியாக உலகெங்கும் பரவிய வரலாற்றை இன்று நோக்குவோம். அவ்வரலாறு நமது புத்தளக் கரைக்கு உணர்த்தும் பாடம் ஒன்றும் உண்டு.

புத்தளக் கரையை இங்கே நினைவு கூர்வதற்குக் காரணம் இருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவர் ஆட்சியையும் கண்டது இக்கரை. 1659ஆம் ஆண்டில் கற்பிட்டியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1667க்கும் 1676க்கும் இடையில் அங்கே கோட்டை எழுப்பினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையின் கல்லும் சுண்ணாம்பும் இன்றும் நிற்கின்றன. கப்பல்களில் வந்த பாட்டு என்னவாயிற்று? இவ்வினாவுக்கு விடை காணுமுன், பாட்டு எவ்வாறு மறைகிறது, எவ்வாறு மீள்கிறது என்பதை அறிதல் நலம்.

வெனிஸ் நகரத்தில் 1678ஆம் ஆண்டு பிறந்தவர் அந்தோனியோ விவால்டி. குருத்துவப் பட்டம் பெற்றவர், வயலின் வித்தகர், அநாதைச் சிறுமியர் இல்லமொன்றில் இசை ஆசிரியர். வாழ்ந்த காலத்தில் ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றிருந்தவர், 1741ஆம் ஆண்டில் வியன்னா நகரில் வறியவராக இறந்தார். அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அவர் பெயரை ஆராய்ச்சியாளர் சிலரேயன்றிப் பிறர் அறியார். அவருடைய பிரசுரமான நூல்கள் சில நூலகங்களில் இருந்தன. கையெழுத்துப் பிரதிகளோ இருக்குமிடம் தெரியாமற் போயின.

1926ஆம் ஆண்டில், வட இத்தாலியில் சலேசிய சபைத் துறவியர் நடத்திய கல்லூரியொன்று, தன் கட்டடத்தைப் பழுது பார்ப்பதற்காகப் பழைய இசையேடுகளை விற்க எண்ணியது. அவற்றின் பெறுமதியை மதிப்பிட்டுத் தருமாறு தூரின் நகரத் தேசிய நூலகத்தைக் கேட்டது. அங்கிருந்து பொறுப்பு அல்பெர்தோ ஜென்டிலி என்னும் இசைப் பேராசிரியரிடம் சென்றது. பெட்டிகளைத் திறந்த ஜென்டிலி, விவால்டியின் கையெழுத்துப் பிரதிகள் 14 தொகுதிகள் இருக்கக் கண்டார். மேலும் ஆராய்ந்தபோது, அது பெரியதொரு தொகுப்பின் பாதியே என்பதும், மற்றைப் பாதி வேறெங்கோ இருத்தல் வேண்டும் என்பதும் அவருக்குப் புலனாயின.

நூலகத்திடம் பணம் இல்லை. ரொபேர்த்தோ ஃபோவா என்னும் வணிகர், குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்ட தம் மகன் மௌரோவின் நினைவாக அத்தொகுதிகளை வாங்கி நூலகத்துக்கு அளித்தார். மறுபாதி ஜெனோவா நகரப் பிரபு குடும்பமொன்றிடம் இருப்பதாகத் தெரிய வந்தது. 1930இல் அதை வாங்கி அளித்தவர் பிலிப்போ ஜோர்தானோ என்னும் ஆலை முதலாளி. அவரும் இளம் மகனொருவனை இழந்த தந்தையே. ரென்சோ என்பது அம்மகனின் பெயர். இவ்வாறு, தம் மக்களின் பெயர் நிலைக்கவேண்டும் என்று இரு தந்தையர் செய்த கொடையினால், விவால்டியின் பெயரும் நிலைத்தது. இன்றும் தூரின் நூலகத்தில் அவ்வேடுகள் இவ்விரு குழந்தைகளின் பெயராலேயே வழங்குகின்றன.

ஆயினும் ஏடு கிடைத்ததோடு இசை உயிர்பெற்றுவிடாது. 1939ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் அல்பிரேடோ கசெல்லா என்னும் இசையமைப்பாளர் சியெனா நகரில் விவால்டி வாரம் ஒன்றை நடத்தினார். இன்று எங்கும் பாடப்படும் ‘குளோரியா’ என்னும் துதிப்பாடல் இக்காலத்து மக்கள் காதில் விழுந்தது அவ்விழாவிலேதான். ஆனால் அதே மாதத்தில் ஐரோப்பாவில் உலகப்போர் மூண்டது. ஏடுகளைக் கண்டெடுத்த ஜென்டிலியோ யூதர். முந்திய ஆண்டிலேயே இத்தாலிய அரசின் இனச் சட்டங்களால் பல்கலைக்கழகப் பதவியை இழந்திருந்தார். தேடிக் கண்டவரைப் புறத்தே நிறுத்திவிட்டு, கண்டெடுத்த பொருளைக் கொண்டாடிய விழா அது.

இனி, இசைத்தட்டின் பங்கைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு அல்லது ஐந்து நிமிட இசையே அடங்கும். விவால்டியின் ஒரு கொன்சேர்ட்டோ ஏறத்தாழப் பத்து நிமிடம் நீடிப்பது. அதைக் கேட்பவர் இசையின் நடுவே எழுந்து தட்டைப் புரட்டவேண்டும். தட்டோ விலை மிக்கது. ஆகவே பெரிய கம்பனிகள் எல்லாரும் அறிந்த படைப்புகளையே பெரும்பாலும் வெளியிட்டன. 1948இல் நெடுநேரம் ஒலிக்கும் தட்டு வந்தபோது நிலைமை மாறிற்று. ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கலாயிற்று. புகழ்பெற்ற கலைஞரைப் பெரிய கம்பனிகள் ஒப்பந்தத்தால் கட்டிவைத்திருந்தமையால், புதிதாகத் தோன்றிய சிறு கம்பனிகள் எவரும் கேட்டிராத இசையைத் தேடிப் பதிவு செய்தன. பிறரிடம் இல்லாததைக் கொடுப்பதே அவற்றின் பிழைப்பாயிற்று. அப்பிழைப்பே மறந்த இசைக்கு மறுவாழ்வளித்தது.

‘நான்கு பருவங்கள்’ என்னும் விவால்டியின் படைப்பு 1725ஆம் ஆண்டில் ஆம்ஸ்ரடாம் நகரில் அச்சானது. அதை அமெரிக்க வயலின் கலைஞர் லூயி கோஃப்மன் 1947 டிசம்பரில் பதிவு செய்தார். அதே 1947ஆம் ஆண்டு யூன் மாதத்திலேதான் நம் நாட்டவரான விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ தமிழகத்தில் அரங்கேறியது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குக. இத்தாலியருக்குச் சுரங்களைக் குறியீடாக எழுதும் வழக்கம் இருந்தது. ஏட்டைப் பிரித்தவுடன் வாசிக்க முடிந்தது. நமக்கோ சிலப்பதிகாரத்தின் சொல் கிடைத்தது. அதில் வரும் பண்ணின் ஒலி கிடைக்கவில்லை. சொல்லை வைத்துக்கொண்டு, கணக்கிட்டு, ஊகித்து ஒலியை மீட்க அடிகள் பல ஆண்டுகள் உழைக்க நேர்ந்தது. எழுதப்படாத இசையின் துயரம் அது.

தட்டு நன்மையே செய்தது என்று சொல்லிவிடவும் இயலாது. தோமாசோ அல்பினோனி என்பவரும் வெனிஸ் நகரத்தவர். 1671இல் பிறந்து 1751இல் மறைந்தவர். அவர் பெயரால் உலகெங்கும் ஒலிக்கும் ‘அடாஜியோ’ ஒன்று உண்டு. 1958இல் அதை வெளியிட்ட ரெமோ ஜியசோட்டோ என்னும் ஆராய்ச்சியாளர், பழைய ஏட்டுத் துண்டொன்றிலிருந்து அதை அமைத்ததாகக் கூறினார். அவ்வேட்டுத் துண்டு உலகுக்குக் காட்டப்படவேயில்லை. அவ்விசை ஜியசோட்டோவின் சொந்தப் படைப்பே என்பது அறிஞர் கருத்து. அல்பினோனி உண்மையாகவே இயற்றிய இனிய கொன்சேர்ட்டோக்களை அறிந்தோர் சிலர். அவர் இயற்றாததைக் கொண்டு அவரை அறிந்தோர் பலர்.

இதற்கு மாறான கதையும் ஒன்று உளது. 1740ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டின் ஹேக் நகரில் ஆறு கொன்சேர்ட்டோக்கள் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தன. பிற்காலத்தார் அவற்றைப் பெர்கொலேசி என்னும் இத்தாலியருடையவை என்று கருதிப் போற்றினர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தில் உள்ள துவிக்கல் மாளிகையில் பழைய கையெழுத்துப் பிரதி அகப்பட்டபோது உண்மை வெளியாயிற்று. அவற்றை இயற்றியவர் வான் வசனார் என்னும் ஒல்லாந்தப் பிரபு. தம் நாட்டவர் கற்பிட்டிக் கோட்டையைக் காவல் செய்து வந்த அதே காலத்தில், அவர் தம் மாளிகையில் இருந்துகொண்டு, பெயரை மறைத்து இவ்வின்னிசையை எழுதினார். இன்று இசைத்தட்டுகளில் அவர் பெயர் முறையாகப் பொறிக்கப்படுகிறது.

கடல் கடந்து சென்ற இத்தாலிய இசைக்கும் ஒரு சான்று சொல்லலாம். 1688இல் பிராத்தோ நகரில் பிறந்த தொமெனிக்கோ சிப்போலி, உரோமாபுரியில் ஓர்கன் வாசித்துப் புகழ்பெறத் தொடங்கிய வேளையில் இயேசு சபையிற் சேர்ந்து, 1717இல் தென் அமெரிக்கா சென்றார். 1726இல் அங்கேயே இறந்தார். 1767இல் இயேசு சபையார் அந்நாடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட பின்னரும், இன்றைய பொலிவியாவில் உள்ள சிக்கித்தோஸ் நாட்டுப் பழங்குடி மக்கள், தம் கோயில்களில் இருந்த இசையேடுகளைப் பிரதி செய்து பிரதி செய்து காத்து வந்தனர். 1972ஆம் ஆண்டில் அக்கோயில்கள் திருத்தியமைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான பக்கங்கள் வெளிவந்தன. உரோமாபுரி மறந்த இசையைக் காட்டூர் மக்கள் மறக்கவில்லை.

நேயர்களே, இப்போது புத்தளக் கரைக்குத் திரும்புவோம். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலத்தில், கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இலங்கை வந்த யோசேப் வாஸ் அடிகள், 1690ஆம் ஆண்டளவில் புத்தளத்தில் தங்கிப் பணியாற்றினார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் உரைநடையும் பாடலும் இயற்றினார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்திற் கத்தோலிக்க ஊர்களில் வாசிக்கப்பட்டு வந்த நூல். அதன் சொல் ஏட்டில் உண்டு, அச்சில் உண்டு. அதைப் பாடிய குரலும் ஓலமும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் செவி வழியாகவே சென்றன.

புத்தளத்துக்கு அண்மையில் உள்ள சிறாம்பியடியிற் காப்பிரிகள் என்று அழைக்கப்படும் ஆபிரிக்க வம்சாவளியினர் வாழ்கின்றனர். ஐரோப்பியர் படையிற் சேவை செய்ய இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழிவந்தோர் இவர்கள். இன்று இவர்கள் அன்றாடம் பேசுவது சிங்களம். பாடுவதோ போர்த்துக்கேயத்திலிருந்து பிறந்த கலப்பு மொழியில். ‘மாஞ்சா’ என்பது அப்பாட்டின் பெயர். மெல்லத் தொடங்கும், சில அடிகளே திரும்பத் திரும்ப வரும், தாளம் படிப்படியாக விரைந்து, இறுதியில் ஆடாதவரையும் ஆடச் செய்யும். மேளத்தோடு தேங்காய்ச் சிரட்டையும் கண்ணாடிப் போத்தலும் கரண்டியும் அங்கே வாத்தியங்களாகின்றன. சொல்லின் பொருள் பாடுவோருக்கே முழுதும் விளங்காமற் போன இடங்களும் உண்டு. ஐரோப்பியரின் சொல்லும் ஆபிரிக்கரின் தாளமும் நம் கரையிற் கலந்து நின்ற இப்பாட்டுக்குச் சுரம் எழுதிய பழைய ஏடில்லை. திறந்து பார்க்கப் பெட்டியில்லை. பாடுவோரின் நினைவு ஒன்றே அதன் நூலகம்.

விவால்டியின் ஏடு இருநூறு ஆண்டுகள் காத்திருந்தது. நினைவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. முதியவர் ஒருவர் மறையும்போது அவர் அறிந்த பாட்டும் அவருடன் செல்கிறது. ஆகவே சிறாம்பியடிப் பாட்டுக்கும் கோயிற் புலம்பலுக்கும் ஒலிப்பதிவே முதல் ஏடும் கடைசி ஏடும் ஆகும். பதிவு செய்தால் மட்டும் போதாது. அல்பினோனியின் கதை நமக்கு எச்சரிக்கை. பாடியவர் யார், எங்கே, எந்த நாளில், யாரிடம் கற்றார், சொல்லுக்கு அவர் கொள்ளும் பொருள் யாது என்பவற்றைப் பதிவோடு சேர்த்து எழுதிவைத்தல் வேண்டும்; பாடியோரின் இசைவோடும் அவர் பெயரோடும் அது பேணப்படல் வேண்டும்.

இக்கரைக்கு இப்பணி புதியதுமன்று. 1807ஆம் ஆண்டில் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, பிறர் கருதாத வேளையில் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தேடித் தொகுத்து, 1859இல் ‘தமிழ் புளூராக்’ என்னும் ஆங்கில நூலாக வெளியிட்டார். புலவர் பலரின் பெயர் மறைந்துபோகாமற் காத்த நூல்களுள் அதுவும் ஒன்று. அவர் கையில் இருந்தவை எழுதுகோலும் காகிதமும் மாத்திரமே. இன்று ஒலியைப் பதியும் கருவி நம்மிற் பெரும்பாலோர் சட்டைப்பையில் இருக்கிறது. புத்தளக் கரையின் முதியோர் பாடும்போது அதை எடுத்து அவர்முன் வைப்பதற்கு வேண்டியது சிறிது நேரமும் மரியாதையுமேயாம்.